சிங்கப்பூரில் பத்து மணி நேரம்

கூரம் என்ற ஊரின் பெயரை நேயர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் வயலும் ஏரியும் சூழ்ந்து கிடக்கும் சிற்றூர் அது. ஸ்ரீராமானுஜருடைய பிரதம சீடரான கூரத்தாழ்வான் அவதரித்த ஸ்தலம். அவருடைய மாளிகைக் கதவை இரவில் சாத்தும் ஓசை காஞ்சிக் கோயில் வரையில் கேட்டதாகப் பெரியோர் சொல்வார்கள். அந்தக் காலத்துக் கதவு அப்படி. இந்தக் காலத்தில் நாம் நம் வீட்டுக் கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கூடக் கேட்பதில்லை. அடுத்த வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கூரத்தில் குடியிருந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக் கொடுப்பது நம்முடைய உத்தியோகம். இருபது வருஷமாகக் கரும்பலகையில் மலாய்த் தீபகற்பத்தை வரைந்து, அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்து, "இதுதான் சிங்கப்பூர்" என்று சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் புள்ளியில் நாமே இறங்கி நடக்கும் சந்தர்ப்பம் வாய்க்குமென்று கனவிலும் எண்ணவில்லை. மெல்போர்னில் வேலை பார்க்கும் நம் தம்பி, கோடை விடுமுறையில் வந்து போகும்படி விமானச் சீட்டு அனுப்பினான். சென்னையிலிருந்து புறப்படும் விமானம் விடியற்காலையில் சிங்கப்பூர் சேரும். அடுத்த விமானம் மத்தியானம் மூன்றே முக்கால் மணிக்கு. இடையில் பத்து மணி நேரம். "அவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமே!" என்று நம் சகதர்மிணி கவலைப்பட்டாள். ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் அனுமதி கையில் இருந்தால், இடைவழியில் சிங்கப்பூர் நகருக்குள் சென்று வர அந்நாட்டார் இடம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்து கொண்டோம். பத்து மணி நேரத்தை நாற்காலியிலிருந்து மீட்டு விட்டோம்.

புறப்படுவதற்கு முதல் நாள், தெருக்கோடி வீட்டு ஆயா கோலூன்றிக் கொண்டு வந்து சேர்ந்தாள். ஆயாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. சென்ற வருஷம் வரையில் காஞ்சிபுரத்து நெசவாளருக்காகத் தார் சுற்றிக் கொண்டிருந்தவள். அவளைத் தொட்டிலில் விட்டுவிட்டு அவள் தகப்பனார் 1937-ல் சென்னையில் கப்பலேறி மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் போனார். நாலு வருஷம் கடிதமும் பணமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள், கடிதம் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "அவர் நேதாஜி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார், சிங்கப்பூரில் காக்கிச் சட்டையோடு பார்த்தேன்" என்றாராம். இன்னொருவர், "இல்லை, சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள்" என்றாராம். எண்பது வருஷமாக இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் ஆயா நின்றுகொண்டிருக்கிறாள். அவள் தாயாரோ, எந்தச் செய்தியையும் நம்பாமல், நெற்றியில் குங்குமத்தோடேயே கண்ணை மூடினாள்.

"வாத்தியாரே, நீ சிங்கப்பூரு போறியாமே. அந்தப் பட்டாளத்துக்கு அங்கே ஒரு கல்லு இருக்குதுன்னு பேரப்பிள்ளை சொல்றான். நம்ம ஏரிக்கரை மண்ணு ஒரு பிடி தர்றேன். அங்கே போட்டுட்டு வா" என்றாள்.

நமக்குத் தர்மசங்கடமாய்ப் போயிற்று. பிற நாட்டு மண்ணை உள்ளே கொண்டுவருவதை ஆஸ்திரேலியர் கடுமையாகத் தடுக்கிறவர்கள். மண்ணில் பூச்சியும் விதையும் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். "ஆயா, மண்ணை விடமாட்டார்கள்" என்றோம். கிழவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, விரல் நீளத்துக்குச் சுற்றிய அரக்கு நிறப் பட்டு நூல் ஒன்றை எடுத்து நம் கையில் வைத்தாள். "இதைத் தடுக்க மாட்டாங்க இல்லே?" என்றாள்.

இப்படியாக, ஒரு புள்ளியைப் பார்க்கப் புறப்பட்ட நமக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் ஏற்பட்டுவிட்டது.

நள்ளிரவில் வங்கக் கடலுக்கு மேலே பறக்கும்போது ஜன்னலில் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இந்தக் கடலைத் தமிழர் கடந்தது நேற்று இன்றல்ல. காஞ்சிபுரத்திலிருந்து பல்லவர் ஆண்ட காலத்திலேயே, சயாம் நாட்டுத் தக்குவாபாவில் தமிழ் வணிகர் ஒரு குளம் வெட்டி, அவனிநாரணம் என்று பெயரிட்டு, தமிழிலேயே கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுச் சங்கதி அது. அவர்கள் காற்றை நம்பி மாதக் கணக்கில் மிதந்து வந்த வழியை நாம் நான்கு மணி நேரத்தில், கால் நீட்டவும் இடமில்லாத ஆசனத்தில், முணுமுணுத்துக் கொண்டே கடந்தோம். வசதி வளர வளர முணுமுணுப்பும் வளர்கிறது!

சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே முக்கால். கூரத்தில் மணி மூன்றே கால். நம்மைவிட இரண்டரை மணி முன்னால் நடக்கும் ஊர் அது. 1981-ல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தின் ஒரு பகுதி, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் மேல் இருக்கிறது. கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்துக்கு நீர் விழும்படி ஓர் அருவியை 2019-ல் உள்ளேயே அமைத்திருக்கிறார்கள். குற்றாலத்தைக் கண்டவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் குற்றாலத்தில் பெட்டியைத் தள்ளிக் கொண்டு நிற்க முடியாது. உத்தியோகஸ்தர்கள், புறப்படுமுன் வீட்டிலிருந்தபடியே நிரப்பியனுப்பிய வருகைப் படிவத்தைச் சரிபார்த்து, ஐந்து நிமிஷத்தில் எங்களை வெளியே விட்டார்கள். பெரிய பெட்டிகள் நேரே மெல்போர்னுக்குச் சென்றுவிடும். கையில் ஒரு சிறு பை; அதற்குள் பட்டு நூல்.

நிலையத்துக்கு அடியிலேயே ரயில் வந்து நிற்கிறது. ரயிலில் ஏறியதும் நம் காதில் தமிழ் விழுந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கும் இந்நாட்டின் ஆட்சி மொழிகள். சுமார் அறுபது லட்சம் ஜனங்கள் வாழும் ஊரில் இந்திய வம்சத்தார் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆயினும் நாணயத் தாளிலும் பாராளுமன்றத்திலும் பள்ளிக்கூடத்திலும் தமிழுக்கு இடம் உண்டு. பெருங்கூட்டத்தின் மொழிக்கு மரியாதை தானே வரும். சிறுகூட்டத்தின் மொழிக்குச் சட்டத்தினால் மரியாதை கொடுத்த ஊர் இது. ஒரு தமிழ் வாத்தியார் இதைக் கவனியாமல் போக முடியாது.

லிட்டில் இந்தியா என்னும் நிலையத்தில் இறங்கி மேலே வந்தோம். முதலில் வந்து தாக்கியது மல்லிகை வாசனை. அடுத்தது சாம்பார் வாசனை. செரங்கூன் சாலை நெடுகிலும் இரண்டடுக்குப் பழைய கடைவீடுகள், முன்னால் வெயிலும் மழையும் படாத நடைபாதை, பூக்கட்டும் பெண்கள், வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய்க் குவியல். காஞ்சி ராஜவீதியில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து, நன்றாகக் கழுவித் துடைத்து, இங்கே வைத்தது போலிருந்தது. ஓர் உணவு விடுதியில் இட்டிலி சாப்பிட்டோம். கடையில் "தமிழ் முரசு" பத்திரிகை வாங்கினோம். கோ. சாரங்கபாணியார் 1935-ல் தொடங்கிய பத்திரிகை இன்னும் நாள்தோறும் வருகிறது. பல பத்திரிகைகள் பிறந்த வருஷத்திலேயே கண்ணை மூடுவதைப் பார்த்த நமக்கு, கடல் கடந்த ஊரில் ஒரு தமிழ்த் தினசரி தொண்ணூறு வருஷம் வாழ்ந்திருப்பது சாமான்யமாகத் தோன்றவில்லை.

சாலையோடு வடக்கே பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். 1855-ல் தோன்றியது. தைப்பூசத்தன்று காவடிகள் இங்கிருந்துதான் புறப்பட்டுத் தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்கின்றன. பெருமாள் வாசலிலிருந்து முருகனுக்குக் காவடி! காஞ்சியில் சைவரும் வைஷ்ணவரும் ஊரையே சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்று பிரித்துக்கொண்டார்கள். இங்கே வந்தவர்கள் கைப்பிடி ஜனங்கள். பிரித்துக்கொள்ள ஆள் போதவில்லை போலும். கூரத்தாழ்வானின் ஊரிலிருந்து வந்திருக்கிறோம் என்று பெருமாளிடம் விண்ணப்பித்துக்கொண்டு, துளசி தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அப்போதுதான் கடைகள் திறந்து கொண்டிருந்தன. ஒரு ஜவுளிக்கடை வாசலில் "அசல் காஞ்சிபுரம் பட்டு" என்று பலகை. நம் சகதர்மிணி பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். "பார்த்துவிட்டு மட்டும் வருகிறேன்" என்றாள். இந்த வாக்கியத்தின் பொருள் விவாகமான நேயர்களுக்குத் தெரியும்.

கடைக்காரப் பையன் ஒரு மாம்பழ நிறப் புடவையை விரித்தான். சிவப்புக் கரை. அவள் விலையைக் கேட்கவில்லை. முந்தானையைப் பார்க்கவில்லை. புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். காஞ்சிபுரத்துப் புடவையின் உயிர் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் தனித்தனியாக நெய்து, ஊடை இழைகளைக் கரை ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா வேண்டும். தறியில் ஒருவர் உட்கார, பக்கத்தில் இன்னொருவர் நின்று கை கொடுக்க வேண்டும். புடவை கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்று நெசவாளர் பெருமையாகச் சொல்வார்கள். 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், விசைத்தறித் துணியைக் காஞ்சிபுரம் என்று சொல்லி விற்பவர்கள் எங்கும் உண்டு.

"இது கோர்வை இல்லையே, தம்பி" என்றாள்.

பையன் சிரித்துவிட்டான். "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்."

"அப்போ நான் பேசக்கூடாது. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்று உள்ளேயிருந்து வேறொரு புடவையைக் கொண்டுவந்தான். அது மெய்யான கோர்வை. அவள் அதைத் தடவிப் பார்த்து, மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இதை நெய்தவர்கள் எங்கள் தெருவில்தான் இருப்பார்கள், அங்கே போய் வாங்கிக்கொள்கிறேன்" என்றாள். பையன் மன்னார்குடிப் பக்கத்தவன். வேலை அனுமதி பெற்று வந்து ஒன்றரை வருஷமாகிறது. ஊரில் எட்டு மாதத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் கையில் எடுத்ததில்லை. "ஆனா தினம் ராத்திரி பார்த்துடுவேங்க" என்று கைபேசியைத் திறந்து காட்டினான். பொக்கை வாயால் சிரித்தது குழந்தை. நாம் பைக்குள் கையை விட்டு நூல்கண்டைத் தொட்டுப் பார்த்துக் கொண்டோம். கப்பலேறிப் போன அந்தத் தகப்பனாருக்கு இப்படி ஒரு கைபேசி இருந்திருந்தால், ஆயா ஒரு முகத்தையாவது நினைவில் வைத்திருப்பாள்.

பெருமாள் கோயிலை ஒட்டியுள்ள வட்டாரத்துக்கு ஃபேரர் பார்க் என்று பெயர். நகரத்துக்கு ரயிலேறும் நிலையத்துக்கும் அதே பெயர். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூரில் ஆங்கிலேயர் சரணடைந்தார்கள். ஒருநாளும் விழாத கோட்டை என்று உலகத்துக்குச் சொல்லியிருந்த ஊர் அது. இரண்டு நாள் கழித்து, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை இந்த மைதானத்தில் கூட்டி, மாடுகளை எண்ணிக் கொடுப்பது போல ஆங்கில அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். தன்னை நம்பி வந்தவர்களை அப்படிக் கைவிட்ட சர்க்காருக்கு இனி என்ன விசுவாசம் என்ற கேள்வி அன்றுதான் அவர்களுடைய மனத்தில் எழுந்தது. இந்திய தேசிய ராணுவத்தின் வித்து விழுந்த இடம் இது.

ரயிலில் ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, நகர மண்டபம் என்று தமிழிலும் பெயர் எழுதிய நிலையத்தில் இறங்கினோம். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வானம் கறுத்து வந்தது. எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு மாதா கோயில் நின்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் என்று பெயர். நாம் அதைக் கடந்து போக நினைத்தோம். ஆனால் அந்தச் சுவரின் பளபளப்பு நிறுத்திவிட்டது. அது சென்னைச் சுண்ணாம்பு! கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பிசைந்து, பூசிக் காய்ந்த பிறகு பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது நம் சீமைக் கொத்தர்களின் கைவேலை. 1862-ல் பிரதிஷ்டையான இந்தத் தேவாலயத்தை அந்தச் சாந்தினால் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். 1825 முதல் சுமார் ஐம்பது வருஷகாலம் இந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் அவர்கள் கைதான் அமைத்தது. திட்டம் வகுத்த வெள்ளைக்கார எஞ்சினீயருடைய பெயர் மாக்பர்ஸன் என்று சரித்திரத்தில் இருக்கிறது. சாந்து அரைத்தவர்களுடைய பெயர் எங்கே இருக்கிறது? சுவரில் கை வைத்துப் பார்த்தோம், வழுவழுவென்று குளிர்ந்திருந்தது.

சாலையைக் கடந்தால் பாடாங் என்னும் பெரிய பசும் புல்வெளி. மலாய் மொழியில் பாடாங் என்றால் மைதானம். அதற்கு எதிரே பழைய நகர மண்டபமும் உயர்நீதிமன்றமும் கம்பீரமாக நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து 2015-ல் தேசியக் கலைக்கூடமாக்கி விட்டார்கள். இந்தப் புல்வெளியில்தான் 1943 ஜூலை 5-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சேனையைப் பார்வையிட்டு, "டில்லி சலோ" என்று முழங்கினார். அதற்கு முதல் நாள் கேத்தே மாளிகையில் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அதே மாளிகையில் அக்டோபர் 21-ல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். அவருடைய அழைப்பைக் கேட்டு வந்தவர்களில் தோட்டத்துத் தமிழர் எத்தனையோ பேர். ஜான்ஸி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் வைத்தியம் படித்து இங்கே வந்து தொழில் நடத்திய டாக்டர் லக்ஷ்மி. தாய்நாட்டைக் கண்ணால் காணாத பெண்கள் அதற்காக உயிரைக் கொடுக்க வந்தார்கள்.

இங்கே நேயர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நேதாஜிக்குக் கை கொடுத்த அதே ஜப்பானியர்தாம், சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனவர்கள். 1942-லிருந்து 1943 அக்டோபருக்குள் பாதை முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் அந்தக் காட்டில் மடிந்தார்கள். பாடாங்கில் முழக்கம் கேட்ட அதே மாதங்களில்தான் அந்தக் காட்டில் பிணம் விழுந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒருவன் சேனைக்கும் மற்றவன் ரயில்பாதைக்கும் போயிருப்பான். ஆயாவின் தகப்பனார் எந்த லாரியில் ஏறினார் என்பதை யார் சொல்ல முடியும்?

பெருந்துளிகள் விழத் தொடங்கின. குடையை விரித்துக்கொண்டு பாடாங்கைச் சுற்றி எஸ்பிளனேட் பூங்காவுக்கு ஓடினோம். முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய கல் நினைவுச் சின்னம். 1914-18 யுத்தத்தில் மாண்ட ஆங்கில வீரர்களுக்காக 1922-ல் திறந்தது. 124 பேருடைய பெயர்களையும் தெளிவாகப் பொறித்திருக்கிறார்கள். நாம் தேடிவந்த கல் அதுவல்ல. சற்றுத் தூரத்தில், மரங்களின் கீழே, கவனிக்காவிட்டால் கடந்துபோய்விடக் கூடிய ஒரு சிறு நினைவுக் கல். அதுதான்.

1945 ஜூலை 8-ஆம் தேதி நேதாஜி இந்த இடத்தில் அஸ்திவாரக் கல் நாட்டினார். இந்திய தேசிய ராணுவத்தின் பெயர் தெரியாத வீரனுக்கு ஒரு ஸ்தூபி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்பட மூன்று சொற்களை அதில் பொறித்தார்கள். சில வாரங்களில் கட்டி முடித்தார்கள். சில வாரங்கள்தான் அது நின்றது. செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும், மௌண்ட்பேட்டனின் உத்தரவின்படி அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு சாம்ராஜ்யம் ஒரு கல்லுக்குப் பயப்பட்டது! ஐம்பது வருஷம் அந்த இடம் வெறும் புல்லாகக் கிடந்தது. 1995-ல்தான் சிங்கப்பூர் அரசாங்கத்தார், இங்கே அப்படி ஒரு ஸ்தூபி இருந்தது என்று அடையாளக் கல் வைத்தார்கள். நகரின் வடக்கே கிராஞ்சியில், பிரிட்டிஷ் கொடியின் கீழ் மாண்டவர்களுக்கு 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைச் சுவர் சுவராகப் பொறித்திருக்கிறார்கள். அவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. அந்தப் பெயர்களுக்கும் நம் வணக்கம். ஆனால் இந்தக் கல்லில் ஒரு பெயரும் இல்லை.

மழை கொட்டியது. பூங்காவில் எங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. நூல்கண்டை எடுத்தோம். எங்கே வைப்பது? புல்லில் வைத்தால் மறுநாள் காலையில் துப்புரவுக்காரர் குப்பையோடு எடுத்துப் போவார். குப்பை போட்டதற்கு அபராதம் விதிக்கும் ஊர் வேறு. நாம் தயங்கி நின்றதைக் கண்டு, நம் சகதர்மிணி அதைக் கையில் வாங்கினாள். கல்லின் மேல் நூலை ஒரு முறை நீளமாகப் பிரித்து வைத்தாள். மழையில் நனைந்து அரக்கு நிறம் இரத்தம் போல் கறுத்தது. இருவரும் கைகூப்பி நின்றோம். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. "ஆயா விசாரித்தாள்" என்று மட்டும் அவள் மெதுவாகச் சொன்னாள். பிறகு நூலைத் திரும்பச் சுற்றி, நீரைப் பிழிந்து, முந்தானையில் முடிந்து கொண்டாள். "ஊர் நூல் ஊருக்கே போகட்டும்" என்றாள்.

மணி பன்னிரண்டே முக்கால். அப்புறம் ரயிலுக்கு ஓடியதும், நனைந்த செருப்போடு சாங்கிக்கு வந்து சேர்ந்ததும், விமானத்தின் கதவு சாத்த அரைமணி இருக்கும்போது மூச்சிரைக்க நின்றதும் விஸ்தரிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல. மெரினா விரிகுடாவின் வானளாவிய மாளிகைகளையும், பறவைத் தோட்டத்தையும், இரவுக் காட்சிகளையும் நாம் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எழுதிய கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

மெல்போர்னிலிருந்து திரும்பிக் கூரம் வந்த அன்று மாலையே ஆயாவின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நூலைக் கையில் கொடுத்தோம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம்: மைதானத்தை, மழையை, தகர்த்த கதையை, ரயில்பாதையை.

ஆயா நூலை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "கல்லுல பேரு போட்டிருக்குதா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு நாம் விமானத்திலேயே பதில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் வந்திருந்தோம். "இல்லை ஆயா. யாருடைய பெயரும் இல்லை" என்றோம்.

அவள் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு பேரும் இல்லேன்னா, எங்க நைனா பேரு இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது இல்லே?" என்றாள். பிறகு நூலைச் சுருக்குப் பையில் போட்டுச் செருகிக்கொண்டு, "காபி குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

நம் ஊரில் ஒரு பழைய சிவன் கோயில் பாதி இடிந்து கிடக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுந்தது. அந்தக் கோயிலுக்காக அவன் அளித்த கூரம் செப்பேடு, வடமொழியிலும் தமிழிலும் எழுதியது, சரித்திர ஆராய்ச்சியாளர் எல்லோருக்கும் தெரிந்தது. தான் செய்த யுத்தத்தைப் பற்றி அதில் அலங்காரமாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் நமக்குப் பிடித்தது வேறு பகுதி. பூஜைக்கு இவ்வளவு பங்கு, தண்ணீர் கொண்டுவர இவ்வளவு என்று பிரித்து வைத்தவன், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான். போரில் மாண்டவர் கதையை ஊரார் கூடிக் கேட்க வேண்டும். அதைச் சொல்ல ஒருவனுக்குச் சோறு போட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. மண்டபம் இடிந்துவிட்டது. ஆனால் சர்க்கார் சம்பளத்தில் சரித்திரம் சொல்லும் வாத்தியாருக்கு அந்தப் பங்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் கரும்பலகையில் மலாய்த் தீபகற்பத்தை வரைந்தோம். நுனியில் புள்ளி வைத்தோம். "இதுதான் சிங்கப்பூர்" என்று இருபது வருஷமாகச் சொன்னதைச் சொல்லிவிட்டு, "இங்கே நம்ம தெரு ஆயாவின் தகப்பனார் போனார்" என்று தொடங்கினோம். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

சிங்கப்பூர் வழியே பிரயாணம் செய்யும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆறு மணி நேரம் இடையில் கிடைத்தாலும் போதும். நகர மண்டப நிலையத்தில் இறங்கி, பாடாங்கைக் கடந்து, மரங்களின் கீழே உள்ள அந்தச் சின்னக் கல்லண்டை ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். உங்கள் ஊரிலிருந்தும் யாராவது கப்பலேறிப் போயிருப்பார்கள்.